கிறிஸ்தவ ஜெபமும் கிழக்கின் தியானமும்: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

இயேசுவை நம்புகிற ஒருவர் மன அமைதி தேடி மூச்சுத் தியானத்தைத் தொடங்குகிறார். கோயிலுக்குப் போகிற இன்னொருவர் மலைப்பிரசங்கத்தைப் படித்துவிட்டு அதிலிருந்து மீள முடியாமல் இருக்கிறார். சில ஆண்டுகள் விபஸ்ஸனா என்ற பௌத்தத் தியானம் பயின்ற மூன்றாமவருக்கு, யாரிடமாவது கைகூப்பி வேண்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. மூவரும் கேட்பது ஒரே கேள்விதான்: இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

செய்யலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு மரபில் கால் ஊன்றி நின்றுகொண்டு, இன்னொரு மரபிலிருந்து ஒரு பயிற்சியை, அது எதற்காக உண்டானது என்று தெரிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். 'எல்லா மதமும் ஒன்றுதானே' என்று தொடங்குகிறவர்கள் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, எதிலும் ஆழம் போகாமல் சலித்துவிடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைத் தவிர்த்ததுதான் காரணம்.

இங்கே நான் பெரும்பாலும் கிறிஸ்தவப் பக்கத்திலிருந்து வருபவரை மனதில் வைத்து எழுதுகிறேன். எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவர்களுக்கும் படிகள் இவையேதான், திசை மட்டும் மாறும்.

முதல் படி: எதற்காக என்று எழுதிவையுங்கள்

ஒரு நோட்டில் நாலைந்து வரி போதும். தூக்கம் வரவில்லையா, ஜெபம் வறண்டுபோய்விட்டதா, திருமணத்தால் இரு மதங்கள் ஒரே வீட்டில் இருக்கின்றனவா, இல்லை, கடவுளைப் பற்றிய பழைய படம் உடைந்துபோய்விட்டதா? தூக்கத்துக்காக வருபவருக்கு மதங்களை இணைக்க வேண்டிய அவசியமே இல்லை. மூச்சுப் பயிற்சியும் தேவைப்பட்டால் மருத்துவரும் போதும். மற்றவர்கள் மேலே படிக்கலாம். தேதி போட்டு வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாம் படி: சொந்த மரபில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள்

கிறிஸ்தவர்களில் பலர் தங்கள் மரபில் பாட்டும் பிரசங்கமும் விண்ணப்பமும்தான் உண்டு, அமைதியாக உட்காரும் பழக்கம் கிழக்கில்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது உண்மை இல்லை.

ஜான் மெய்ன் என்ற ஆங்கிலேயரின் கதை இதற்குப் பொருத்தமானது. 1950-களில் மலாயாவில் அரசுப் பணியில் இருந்தபோது, கோலாலம்பூரில் சுவாமி சத்யானந்தா என்ற இந்துத் துறவியைச் சந்தித்தார். ஒரு சொல்லை மனதில் திரும்பத் திரும்பச் சொல்லி அமைதியாக உட்காரும் முறையை, கிறிஸ்தவராகவே இருந்து செய்யும்படி அந்தத் துறவி அவருக்குக் கற்றுக்கொடுத்தார். பிறகு மெய்ன் பெனடிக்ட் சபையில் துறவியாகச் சேர்ந்தபோது, அங்கே பயிற்சி கொடுத்தவர் 'இது கிறிஸ்தவ முறை இல்லை' என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். அவரும் நிறுத்திவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் காசியன் எழுதிவைத்த பாலைவனத் துறவிகளின் உரையாடல்களைப் படிக்கும்போது, அதே முறை அங்கே இருந்தது! 'கடவுளே, எனக்கு உதவ விரைந்து வாரும்' என்ற பொருள்படும் 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை இடைவிடாமல் மனதில் சொல்லச் சொல்கிறது அந்த நூல். 1975-இல் லண்டனில் அவர் தொடங்கிய தியானக் குழு இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அங்கே பரிந்துரைக்கும் சொல் 'மாரநாதா'. 'ஆண்டவரே வாரும்' என்று பொருள்படும் இந்த அரமேயச் சொல் முதல் கொரிந்தியர் நிருபத்தின் முடிவில் இருக்கிறது.

கிழக்குத் திருச்சபை எனப்படும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களிடம் இன்னொரு புதையல் இருக்கிறது. 'ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்' என்ற இயேசு ஜெபத்தை மூச்சோடு இணைத்துச் சொல்வார்கள். முடிச்சுப் போட்ட கயிற்றை விரலால் நகர்த்துவார்கள். 14-ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு ஆதோஸ் மலைத் துறவிகள் இப்படி உட்கார்ந்து ஜெபிப்பதைச் சிலர் கேலி செய்தபோது, கிரகோரி பலாமாஸ் என்ற துறவி அவர்களுக்காக வாதாடினார்; 1341-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் அவர் பக்கம் நின்றது. மேற்கில், 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ, வேத வாசிப்பை வாசித்தல், அசைபோடுதல், ஜெபித்தல், சும்மா இருத்தல் என நான்கு படிகளாக வகுத்தார்.

இவற்றில் ஒன்றையாவது ஒரு மாதம் செய்துபாருங்கள். உங்கள் தேடல் அதிலேயே தீர்ந்துவிடலாம். தீராவிட்டாலும், நாமஜெபம் செய்யும் வைணவரையோ 'நமு அமிதா புத்சு' என்று புத்தரின் பெயரைச் சொல்லும் ஜப்பானியரையோ சந்திக்கும்போது, அவர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்கு உள்ளிருந்தே புரியும்.

மூன்றாம் படி: நான்கு கேள்விகளை வைத்து ஒப்பிடுங்கள்

'கிழக்கத்திய மதங்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. இறைவனும் ஆன்மாவும் ஒன்றே என்னும் சங்கரரின் அத்வைதத்துக்கும், இரண்டும் வேறு என்னும் மத்வரின் துவைதத்துக்கும் உள்ள தூரம், சில விஷயங்களில் மத்வருக்கும் கிறிஸ்தவத்துக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மரபை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனிடமும் உங்கள் மரபிடமும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

மனிதனுக்கு என்ன கோளாறு? கிறிஸ்தவம் பாவம் என்கிறது: அன்பு செய்யும் ஒருவரைவிட்டு விலகிப்போன நிலை. அத்வைதம் அவித்தை என்கிறது: நாம் யார் என்பதே தெரியாமல் இருப்பது. பௌத்தம் வேட்கையைக் காட்டுகிறது. சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களைச் சொல்கிறது. உறவு முறிந்துவிட்டது என்றால் மன்னிப்பு வேண்டும். அறியாமை என்றால் ஞானம் வேண்டும். பற்று என்றால் அதை விட வேண்டும். பயிற்சிகள் வேறுபடுவதற்கு இதுதான் அடிப்படை.

யார் சரிசெய்வது? 'கிறிஸ்தவத்தில் அருள், கிழக்கில் சொந்த முயற்சி' என்று பலர் சொல்லிவிடுவார்கள். அது தவறு. ராமானுஜர் வழிவந்த வைணவர்களுக்குள்ளேயே இதுபற்றிப் பெரிய விவாதம் உண்டு. தாய்க்குரங்கின் வயிற்றைக் குட்டி தானே பிடித்துக்கொள்வதுபோல ஆன்மாவும் கொஞ்சம் முயல வேண்டும் என்பது வடகலை. பூனை தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போவதுபோல இறைவனே எல்லாம் செய்கிறான் என்பது தென்கலை. சீர்திருத்தக் காலத்தில் ஐரோப்பிய கிறிஸ்தவர்கள் நம்பிக்கையா, நற்செயலா என்று மோதிக்கொண்டதைப் படித்தவருக்கு இந்த விவாதம் அந்நியமாகவே தோன்றாது. ஜப்பானில் சின்ரான் (1173–1263) என்ற பௌத்தத் துறவி, தன் முயற்சியால் யாரும் கரையேற முடியாது, அமிதா புத்தரின் கருணையை நம்புவதே வழி என்றார். இந்த ஒரு கேள்வியில் மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள் என்று சொல்வேன். மதங்களைப் பற்றி நாம் கேள்விப்பட்ட சுருக்கங்களில் பாதி இங்கே உடைந்துவிடும்.

முடிவில் என்ன மிஞ்சும்? கிறிஸ்தவத்தில் நபர் அழிவதில்லை. உயிர்த்தெழுந்த உடலோடு, கடவுளோடு உறவில் இருப்பார். அத்வைதத்தில் உண்மையில் இரண்டு என்பதே கிடையாது. ராமானுஜரின் விசிஷ்டாத்வைதத்திலும் சைவ சித்தாந்தத்திலும் ஆன்மா இறைவனோடு பிரிக்க முடியாதபடி சேர்கிறது, ஆனாலும் ஆன்மாவாகவே இருக்கிறது. பௌத்தத்தில் நிலையான 'நான்' என்பதே முதலிலிருந்து இல்லை. இந்த வேறுபாட்டை மழுப்ப வேண்டாம். தியானத்தில் ஆழம் போகும்போது, என்ன நடக்கிறது என்று நீங்கள் புரிந்துகொள்ளும் விதத்தை இதுதான் தீர்மானிக்கும்.

காலம் எப்படிப்பட்டது? இயேசுவின் பிறப்பும் சிலுவையும் ஒரே ஒரு முறை நடந்தவை. இந்து மரபின் யுகச் சுழற்சியில் அவதாரங்கள் பல முறை வரும். கிறிஸ்துவையும் கிருஷ்ணரையும் ஒரே பட்டியலில் வைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

ஒப்பிடும்போது நேர்மையாக இருக்க ஒரு வழி: ஒரு மரபின் ஞானியை இன்னொரு மரபின் ஞானியோடு வையுங்கள், சாதாரண பக்தரைச் சாதாரண பக்தரோடு வையுங்கள். நம் பக்கத்துப் புனிதரை அடுத்த பக்கத்துப் போலிச் சாமியாரோடு நிறுத்தி ஒப்பிடுவது யாருக்கும் பயன்படாது. இன்னொன்று, அந்த மரபில் வாழும் ஒருவர் உங்கள் விளக்கத்தைக் கேட்டு 'ஆமாம், நாங்கள் நம்புவது இதுதான்' என்று தலையாட்டும்வரை உங்கள் ஒப்பீடு முடியவில்லை.

நான்காம் படி: ஒரே ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள்

சில பயிற்சிகள் எளிதாக இடம் மாறும். நிமிர்ந்து உட்காருவது, மூச்சைக் கவனிப்பது, ஜென் என்ற பௌத்த மரபில் தொடக்கக்காரர்களுக்குச் சொல்வதுபோல ஒன்றிலிருந்து பத்துவரை மூச்சை எண்ணுவது, மெதுவாக நடந்து தியானிப்பது, மௌன நாள், உபவாசம் இவையெல்லாம் அப்படிப்பட்டவை. உடலும் மூச்சும் எந்த மதத்துக்கும் தனிச்சொத்து இல்லை.

சிலவற்றை எடுக்கும் முன் நிறைய யோசிக்க வேண்டும். தெய்வத்தின் பெயர் கொண்ட மந்திரம், குரு தரும் தீட்சை, குண்டலினிப் பயிற்சி ஆகியவை ஒரு முழு உறவையும் ஒப்படைப்பையும் கேட்பவை. கிறிஸ்தவத்தின் ஞானஸ்நானமும் திருவிருந்தும் அப்படித்தான். ஞானஸ்நானம் பெறாத ஒருவர் ஆர்வத்தில் திருவிருந்தில் கைநீட்டுவதும், ஒப்படைப்பு இல்லாத ஒருவர் தீட்சை வாங்கிக்கொள்வதும் ஒரே மாதிரி தவறு என்பது என் கருத்து. ஒரு சமூகம் எதைத் தன் இதயமாக வைத்திருக்கிறதோ, அதை மாதிரிக்குச் சுவைத்துப் பார்க்கக் கூடாது.

யோகாவை எடுப்பவர்கள் ஆசனத்திலிருந்து தொடங்குகிறார்கள். பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதுதான். அகிம்சை, வாய்மை, திருடாமை, பிரம்மச்சரியம், பொருள் சேர்க்காமை என்ற இயமங்களும், அடுத்து நியமங்களும் அதற்கு முன்னால் நிற்கின்றன. மலைப்பிரசங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த ஐந்து இயமங்களையும் ஒரு வாரம் படித்துப் பாருங்கள், பிறகு பாயை விரிக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாதவர்களுக்கு நான் சொல்வது பௌத்தத்தின் மைத்ரி தியானம். 'உங்கள் பகைவரை நேசியுங்கள், உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபியுங்கள்' என்று இயேசு சொன்னார். அதை எப்படிச் செய்வது என்று கேட்டால், பலருக்கும் பதில் இல்லை. பௌத்தத் துறவிகள் அதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் தனக்கு நலம் விரும்புவது, பிறகு மதிப்புக்கும் அன்புக்கும் உரியவருக்கு, அப்புறம் விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவருக்கு, கடைசியாகப் பகை கொண்டவருக்கு. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கத்தில் இது விரிவாக இருக்கிறது. கிறிஸ்தவர் இதை ஜெபமாகவே செய்யலாம். 'இவர் நலமாக இருக்கட்டும்' என்பதைக் கடவுளிடம் சொல்கிறார், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: தினமும் உட்காரும் முறை

காலையில் இருபது நிமிடம். முதல் வாரம் பத்து நிமிடமே போதும். நாற்காலியிலோ தரையிலோ முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். கைகளை மடியில் வையுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள்.

எந்த மரபில் நிற்கிறீர்களோ, அதன் ஜெபத்தோடு தொடங்குங்கள். கிறிஸ்தவர் என்றால் பரமண்டல ஜெபம் அல்லது ஒரு சங்கீத வசனம். இதை விடவே கூடாது. யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மனம் இதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது.

அடுத்த மூன்று, நான்கு நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். மாற்ற முயலாதீர்கள். பத்துவரை எண்ணி மறுபடி ஒன்றுக்கு வாருங்கள். எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம், வருத்தப்பட ஒன்றுமில்லை.

பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த பயிற்சி, பத்து நிமிடம். மைத்ரி என்றால் வாரம் முழுக்க அதே நான்கு பேர் இருக்கட்டும். பகைவர் இடத்தில் முதலிலேயே பெரிய காயம் கொடுத்தவரை வைக்க வேண்டாம். சின்ன எரிச்சல் தருபவரோடு ஆரம்பியுங்கள். நாமஜெபம் என்றால் ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், நாளுக்கொன்றாக மாற்றாதீர்கள்.

கடைசி ஐந்து நிமிடம் எதுவும் செய்யாமல் இருங்கள். எதுவும் நடக்காது, பெரும்பாலான நாட்களில் அப்படித்தான். உடம்பில் வெப்பம், ஒளி, கண்ணீர், மிதப்பது போன்ற உணர்வு வரலாம். அவற்றைத் துரத்தவும் வேண்டாம், பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஜென் ஆசிரியர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், 1989-இல் வத்திக்கான் வெளியிட்ட கிறிஸ்தவத் தியானம் பற்றிய கடிதமும் இதைத்தான் சொல்கிறது: இதமான உடல் உணர்வை ஆவியின் ஆறுதல் என்று எண்ணிவிடாதீர்கள். முடிக்கும்போது ஒரு நன்றி. அப்புறம் நோட்டில் ஒரே ஒரு வரி.

பழைய கவலையோ துக்கமோ திரும்பத் திரும்பப் பொங்கி, தூக்கமும் வேலையும் கெடத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். மன நோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் நீண்ட மௌன முகாம்களுக்குப் போகக் கூடாது.

ஆறாம் படி: யாரிடம் கேட்பது

புத்தகத்திலிருந்து மட்டும் கற்பது ஓரளவுக்குத்தான் உதவும். அந்தப் பயிற்சியின் சொந்த மரபில் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். முகாமுக்குப் போகும் முன் அதன் விதிகளைப் படியுங்கள். எஸ். என். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் நடக்கும் பத்து நாள் விபஸ்ஸனா முகாமில், அந்த நாட்கள் முழுவதும் ஜெபம், ஜெபமாலை, வேறு வழிபாடு எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். பயிற்சியைத் தூய்மையாகச் செய்துபார்க்க வேண்டும் என்பது அவர்கள் காரணம். அது நியாயமான காரணம்தான். அதற்கு உங்களால் ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் போகாமல் இருப்பதே மரியாதை. உள்ளே போய் ரகசியமாக ஜெபமாலை உருட்டக் கூடாது.

உங்கள் சபைப் பெரியவரிடமும் பேசுங்கள். கத்தோலிக்கர்களுக்கு வழி ஓரளவு திறந்தே இருக்கிறது. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, பிற மதங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. மேலே சொன்ன 1989 கடிதம் எச்சரிக்கைகளைச் சேர்த்தது, கதவை மூடவில்லை. பல பெந்தெகொஸ்தே, சுவிசேஷ சபைகளில் யோகா என்ற பெயரைக் கேட்டாலே எதிர்ப்பு வரும். அந்த எதிர்ப்பில் பயம் மட்டுமல்ல, தங்கள் நம்பிக்கையைப் பற்றிய உண்மையான அக்கறையும் இருக்கிறது. முழுக்கக் கேளுங்கள். எதிர்ப்பக்கத்திலும் ஒரு வலி உண்டு. தங்கள் சின்னங்களை எடுத்து மதமாற்றத்துக்குப் பயன்படுத்துகிறார்களோ என்ற சந்தேகம் இந்துக்கள் பலருக்கு இருக்கிறது. காவி உடுத்துவதற்கு முன்னால் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழியில் முழு ஆயுளையும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். குளித்தலை அருகே காவிரிக் கரையில் 1950-இல் ஜூல் மோன்ஷனன், ஆன்ரி லெ சோ என்ற இரு பிரெஞ்சுத் துறவிகள் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்றே பலருக்கும் தெரியும். லெ சோ பிறகு அபிஷிக்தானந்தர் ஆனார். ஆசிரமம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு ரமணரைத் தரிசித்தது அவரைப் புரட்டிப்போட்டிருந்தது. அத்வைத அனுபவத்தையும் கிறிஸ்தவ விசுவாசத்தையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்ற வேதனை அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. 1968-இல் ஆசிரமப் பொறுப்புக்கு வந்த பீட் கிரிஃபித்ஸ், 1993-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஜெர்மானிய இயேசு சபைத் துறவி ஹூகோ லாசல், ஹிரோஷிமாவில் அணுகுண்டில் காயம்பட்டுப் பிழைத்து, ஜென் பயிற்சியைக் கிறிஸ்தவர்களுக்குக் கொண்டுவந்தார். இவர்களில் யாருமே தங்கள் வேரை அறுத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் அது சுலபமாகவும் இருக்கவில்லை. புதிதாக வருபவர் இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

ஏழாம் படி: மூன்று மாதம் கழித்து

முதல் நாள் எழுதிய பக்கத்தை எடுங்கள். தியானத்தில் என்ன அனுபவம் கிடைத்தது என்று பார்க்க வேண்டாம். வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள்: என் கோபம் குறைந்திருக்கிறதா, நான் சொல்வதைவிட அதிகமாகக் கேட்கிறேனா? கலாத்தியர் நிருபம் பட்டியலிடும் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கொஞ்சமாவது வளர்ந்திருந்தால் பயிற்சியைத் தொடருங்கள். உங்கள் சொந்த ஜெபத்தின்மேல் ஆசை கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். குறைந்திருந்தால் ஒரு மாதம் கடன் வாங்கிய பயிற்சியை நிறுத்திவிட்டுச் சொந்த ஜெபத்தை மட்டும் செய்யுங்கள்.

மற்ற மதத்தவரைப் பற்றிப் பேசும்போது உங்கள் குரல் மாறியிருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். எல்லோரையும்விட நான் ஒரு படி மேலே என்ற எண்ணம் தலைகாட்டினால், உடனே உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள். இரண்டாவது பயிற்சியைப் பற்றி யோசிப்பதற்கு ஓராண்டாவது போகட்டும்.